ஈஸ்ட் இல்லாத மெத்தென்ற ரொட்டி: எல்லாம் தண்ணீர்க் கணக்கு

ஈஸ்ட் சேர்க்காமல், அடுப்பின் மேல் ஒரு கல்லிலேயே சுட்டெடுக்கும் ரொட்டி மெத்தென்று வரவேண்டும் என்று விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, ஈஸ்டுக்குப் பதிலாக எதைப் போடுவது என்பதுதான். கவனம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுவதால் பேக்கிங் பவுடர் அரைக் கரண்டி கூடுகிறது, அதுவும் போதாதென்று ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் சேர்கிறது. ரொட்டி கல்லில் இருக்கும்வரை உப்பலாகத்தான் தெரிகிறது. தட்டுக்கு வந்து பத்து நிமிடம் ஆனதும் விறைத்துவிடுகிறது. பல ஆண்டுகளாக இந்த ரொட்டியைச் சுட்டுவரும் எனக்கு இதில் ஒரு திடமான கருத்து உண்டு. மென்மையைத் தருவதில் வாயு வெறும் துணைதான். முதல் பொறுப்பு தண்ணீருக்கு. மாவுக்குள் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது, அது உள்ளே எப்படிப் பிடித்துவைக்கப்படுகிறது, கல்லின் சூட்டில் எவ்வளவு ஆவியாகப் போகிறது, இறக்கிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்ற வரவு செலவைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் ஈஸ்ட் இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது.

ஈஸ்ட் இல்லாத ரொட்டியை அவசரத்துக்குச் செய்யும் மாற்றுப் பண்டமாக நினைப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஜோர்டானின் வடகிழக்கில் உள்ள கரும்பாலைவனத்தில், ஷுபைக்கா என்ற தொல்லியல் களத்தின் அடுப்புக் குழிகளில் கிடைத்த கருகிய துணுக்குகளை ஆராய்ந்தவர்கள், அவை ஏறத்தாழ 14,400 ஆண்டுகளுக்கு முந்தைய ரொட்டியின் எச்சங்கள் என்று 2018-இல் அறிவித்தார்கள். காட்டுத் தானியத்தையும் நீர்க்கோரை வகையைச் சேர்ந்த ஒரு கிழங்கையும் அரைத்துச் சுட்ட, புளிக்கவைக்காத தட்டையான ரொட்டி அது. அப்பகுதியில் வேளாண்மை தொடங்குவதற்குச் சுமார் 4,000 ஆண்டுகள் முன்பே அது சுடப்பட்டிருக்கிறது. மாவு, தண்ணீர், நெருப்பு ஆகிய மூன்று மட்டும் சேர்ந்த இந்த முறைதான் மூத்தது. உப்பிய ரொட்டி பிறகு வந்தது.

முதலில் மாவைப் பற்றி. கோதுமை மாவில் தண்ணீர் பட்டதும் அதிலுள்ள குளூட்டனின், கிளையடின் என்ற இரு புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. ரொட்டி கிழியாமல் விரிவதற்கும் ஆவியை உள்ளே அடக்கி உப்புவதற்கும் இந்த வலை வேண்டும். ஆனால் இதுவே அளவுக்கு மிஞ்சி இறுகினால் மெல்லும்போது இழுக்கிறது, ஆறினால் தோலாகிறது. மைதாவில் புரதம் பொதுவாக 9 முதல் 11 விழுக்காடு வரை இருக்கும். தவிட்டோடு அரைத்த முழுக்கோதுமை மாவில் அதைவிடக் கூடுதலாக இருந்தாலும், தவிட்டுத் துகள்கள் வலையின் இழைகளை ஆங்காங்கே துண்டிப்பதால் அந்தப் புரதம் முழுவதும் பயன்படுவதில்லை. என் கைக்குப் பிடித்தது இரண்டையும் சரிபாதியாகக் கலந்த மாவு. மைதாவின் மிருதுவும் முழுக்கோதுமையின் மணமும் அதில் சேர்ந்து கிடைக்கின்றன. மைதா மட்டும் போட்டுச் செய்தால் ரொட்டி வெளுப்பாகவும் சப்பென்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. சிலருக்கு அந்தச் சுவையே பிடித்திருக்கலாம்.

அடுத்தது தண்ணீரின் அளவு. இந்த இடத்தில்தான் பெரும்பாலான ரொட்டிகளின் தலையெழுத்து முடிவாகிறது. கையில் ஒட்டாத, மேடையில் ஒட்டாத, தேய்ப்பதற்கு வசதியான மாவைத்தான் நம் கை தானாகவே தேடுகிறது. அப்படிப்பட்ட மாவில் தண்ணீர் மாவின் எடையில் 50 அல்லது 55 விழுக்காடுதான் இருக்கும். அதில் ஒரு பகுதி கல்லில் ஆவியாகிவிட, மிஞ்சும் ஈரம் மென்மைக்குப் போதுவதில்லை. மெத்தென்ற ரொட்டிக்கு 65 முதல் 70 விழுக்காடு வரை தண்ணீர் தேவை, அதாவது 250 கிராம் மாவுக்கு எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து 165 முதல் 175 கிராம் வரை. பிசைந்து முடித்த உடனே இந்த மாவு விரல்களில் பற்றும், பாத்திரத்தின் அடியிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துப் பதறி இன்னொரு கைப்பிடி மாவைப் போட்டுவிடக் கூடாது. அரை மணி நேரம் மூடி வைத்தால் அதே மாவு தானாகவே அடங்கி, விரலில் ஒட்டாமல், தொட்டால் காதுமடலைத் தொடுவதுபோல் இருக்கும். சமையலறையில் ஒரு சிறிய தராசு வைத்துக்கொள்வது இந்த வேலைக்குப் பெரிய உதவி. கோப்பையில் அள்ளும்போது அமுக்கி அள்ளினால் ஓர் எடை, தூவி நிரப்பினால் வேறோர் எடை என்று மாவு நம்மை ஏமாற்றும். தராசு அப்படிச் செய்வதில்லை.

அந்தத் தண்ணீரில் ஒரு பெரும் பங்கைத் தயிராகச் சேர்ப்பதை நான் எப்போதும் பரிந்துரைப்பேன். சாதாரணத் தயிரில் ஏறக்குறைய 85 விழுக்காட்டுக்கும் மேல் தண்ணீர்தான். மீதியிருக்கும் பால் புரதமும் கொழுப்பும் மாவின் இழைகளுக்கு நடுவே புகுந்து அவை இறுகுவதைக் குறைக்கின்றன. லாக்டிக் அமிலம் ஒரு மெல்லிய புளிப்பைத் தருவதோடு, பேக்கிங் பவுடரிலோ சோடாவிலோ உள்ள காரத்தோடு சேர்ந்து வாயுவையும் எழுப்புகிறது. பால் சர்க்கரையும் புரதமும் கல்லின் சூட்டில் சேர்ந்து சிவப்பதால் ரொட்டியின் மேல் அழகான பொட்டுகள் விரைவில் விழுகின்றன, அதனால் சுடும் நேரமும் குறைகிறது. சுடும் நேரம் குறைந்தால் ஆவியாகப் போகும் தண்ணீரும் குறையும். தயிர் கெட்டியா நீர்த்ததா என்பதைப் பொறுத்து, கூடவே ஊற்றும் தண்ணீரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். வடிகட்டிய கெட்டித் தயிர் மட்டுமே இருந்தால் அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்து பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு அளப்பது நல்லது. பால்பொருள் சேர்க்காதவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறும் இன்னொரு கரண்டி எண்ணெயும் சேர்த்துக்கொள்ளலாம். மணம் குறையும், மென்மை பெரிதாகக் குறையாது.

எண்ணெயின் வேலை வேறு. அது மாவுத் துகள்களின் மேல் படர்ந்து, புரதம் நீண்ட இழைகளாகப் பின்னிக்கொள்வதைத் தடுக்கிறது. 250 கிராம் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். அதற்கு மேல் போனால் ரொட்டி மெல்லுவதற்குப் பதில் உதிரத் தொடங்கும். உப்பு மாவின் எடையில் 2 விழுக்காடு, அதாவது 5 கிராம்.

இனி நான் நிதானமாகச் சொல்ல விரும்புவது ஊறவைப்பதைப் பற்றி. மாவும் தண்ணீரும் கலந்தவுடன் எல்லாத் துகள்களும் நனைந்துவிட்டதாகக் கண்ணுக்குத் தோன்றும். ஆனால் தண்ணீர் ஒவ்வொரு துகளின் நடுவரை போய்ச் சேர நேரம் பிடிக்கும், தவிடு இன்னும் மெதுவாகவே குடிக்கும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் உடனே தேய்த்துச் சுட்டால், மேலே நனைந்தும் உள்ளே உலர்ந்தும் இருக்கும் மாவைத்தான் சூட்டில் போடுகிறோம். பிசையாமலே விட்டுவைத்தாலும் குளூட்டன் தானாக அமையும் என்பதை ரொட்டித் தொழிலில் விளக்கி முறைப்படுத்தியவர் பிரெஞ்சுப் பேராசிரியர் ரேமோன் கால்வெல். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து, உப்பும் புளிப்பும் பிறகு சேர்க்கும்படி 20, 30 நிமிடங்கள் ஒதுக்கிவைக்கும் அவரது முறை 1970-களில் பரவியது. அது ஈஸ்ட் ரொட்டிக்காகச் சொல்லப்பட்டது என்றாலும் நம் ரொட்டிக்கும் அப்படியே பொருந்துகிறது. நீண்ட நேரம் அழுத்திப் பிசைவதைவிட, இரண்டு நிமிடம் பிசைந்து பத்து நிமிடம் மூடிவைத்து, மீண்டும் ஒரு நிமிடம் மடித்துப் பிசைந்து இருபது நிமிடம் மூடிவைப்பது மாவை எவ்வளவோ வழவழப்பாக்குகிறது. வலை உருவாகிறது, ஆனால் முறுக்கேறாமல் தளர்ந்த நிலையில் உருவாகிறது. தேய்த்த ரொட்டி சுருங்கிச் சுருங்கித் திரும்பி வருகிறது என்றால் அது தளரவில்லை என்று பொருள். பலத்தைக் கூட்டித் தேய்ப்பதைவிட அதை மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வருவதே சரி.

வெந்நீர் ஊற்றிப் பிசையும் முறையும் இந்தத் தண்ணீர்க் கணக்கின் ஒரு பகுதிதான். கோதுமையின் மாவுச்சத்து மணிகள் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சமாகத்தான் குடிக்கும். 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் அவை வீங்கி, கூழாகி, தங்கள் எடையைவிடப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. மாவில் ஒரு பகுதியை மட்டும் கொதிக்கும் தண்ணீரால் நனைத்துக்கொண்டால், பிசையும்போது கையில் ஒட்டாத அளவுக்குக் கட்டுப்பட்டதாகவும், அதே நேரம் ஏராளமான தண்ணீரை உள்ளே வைத்திருப்பதாகவும் ஒரு மாவு கிடைக்கிறது. சூடு புரதத்தின் வலிமையையும் ஓரளவு குறைப்பதால் ரொட்டி எளிதில் கடிபடும். நான் செய்வது இப்படி: மொத்த மாவில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து, அதன் எடைக்குச் சமமான கொதிநீரை விட்டுக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மீதி மாவு, தயிர், மற்றவை எல்லாவற்றையும் சேர்க்கிறேன். கொதிநீரை மாவு முழுவதற்கும் ஊற்றினால் வலை மிகவும் பலவீனப்பட்டு, ரொட்டி மெத்தென்று இருந்தாலும் உப்பாது. தினமும் இதைச் செய்யத் தேவையில்லை. மறுநாளைக்கும் எடுத்துவைக்க வேண்டிய ரொட்டி என்றால் அவசியம் செய்வேன்.

இப்போது பேக்கிங் பவுடருக்கு வருகிறேன். பர்மிங்ஹாமில் மருந்து வணிகராக இருந்த ஆல்ஃபிரட் பேர்ட் 1843-இல் அதை உருவாக்கியதன் காரணமே, ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்கு ரொட்டி செய்து தர வேண்டும் என்பதுதான். பிறகு 1856-இல் அமெரிக்க வேதியியலாளர் எபன் நார்ட்டன் ஹார்ஸ்ஃபர்ட் கால்சியம் பாஸ்பேட் அமிலப் பொடிக்குக் காப்புரிமை பெற்றார், பேக்கிங் பவுடர் வீட்டுக்கு வீடு போவதற்கு அது வழி செய்தது. இன்று கிடைக்கும் பேக்கிங் பவுடரில் சோடியம் பைகார்பனேட்டும், உலர்ந்த அமிலப் பொடியும், இரண்டும் முன்கூட்டியே ஒன்றோடொன்று வினைபுரியாமல் காக்கும் மாவுச்சத்தும் இருக்கின்றன. பெரும்பாலானவை இரண்டு முறை வேலை செய்யும்: ஈரம் பட்டதும் கொஞ்சம் கரியமில வாயு, சூடு பட்டதும் மீதி. அந்த இரண்டாவது கட்டத்தை நம்பித்தான் மாவை அரை மணி நேரம் ஊறவைக்க முடிகிறது. சமையல் சோடாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. தயிரின் அமிலத்தைத் தொட்ட உடனே பொங்கி முடித்துவிடும், அரை மணி நேரம் காத்திருந்தால் வாயுவில் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். அமிலம் தீர்ந்த பிறகும் சோடா மிஞ்சியிருந்தால் அது சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறி, ரொட்டிக்கு மஞ்சள் சாயலையும் நாவில் சோப்புச் சுவையையும் கொடுக்கும். 250 கிராம் மாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போதும், சோடா வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு. வாயு செய்வது, மாவின் உள்ளே சின்னஞ்சிறு குமிழிகளை விதைத்துவைப்பது. அவற்றைப் பெரிதாக்குவதில் ஆவிக்குத்தான் பெரும் பங்கு.

ஆக, ஒரு வேளைக்கான அளவு இவ்வளவுதான்: மைதாவும் முழுக்கோதுமை மாவும் சேர்ந்து 250 கிராம், உப்பு 5 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, தயிர் 125 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 60 மில்லி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. உலர்ந்த பொருள்களை முதலில் நன்றாகக் கலந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பேக்கிங் பவுடர் ஓரிடத்தில் திரண்டு கசக்கும். முழுக்கோதுமையின் பங்கு கூடினால் தண்ணீரை மேலும் 10 அல்லது 15 மில்லி கூட்டலாம். கொதிநீர் முறையில் செய்வதானால், அதற்கு ஏறக்குறைய 80 மில்லி கொதிநீர் போகும் என்பதால் தனியாக ஊற்றும் 60 மில்லியை விட்டுவிடலாம். கிடைக்கும் மாவு எட்டு உருண்டைக்கு வரும்.

தேய்ப்பதைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. உருண்டைகளை மூடிவைத்துப் பத்து நிமிடம் கழித்து எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு இலேசாகத் தேய்த்து, 3 மில்லிமீட்டர் கனமும் 15 செண்டிமீட்டர் அகலமும் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். கனத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் உள்ளிருக்கும் ஈரம் முழுவதும் ஒரு நிமிடத்தில் பறந்துவிடும். தொட்டுத் தேய்க்கும் மாவு கூடக்கூட ரொட்டியின் மேல் ஒரு வறண்ட தோல் படியும், கல்லில் அது கருகவும் செய்யும். அதனால் தேய்த்ததும் இரு கைகளுக்கும் மாற்றி மாற்றித் தட்டி, மேலே நிற்கும் மாவை உதிர்த்துவிட்டே கல்லில் இடுகிறேன்.

கல்லின் சூடுதான் அடுத்த பெரிய விஷயம். குறைந்த தீயில் நிதானமாகச் சுட்டால் மென்மையாக வரும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, நடப்பது நேர்மாறு. சூடு குறைந்த கல்லில் ரொட்டி சிவப்பதற்கு நான்கைந்து நிமிடம் ஆகிறது, அத்தனை நேரமும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது, கடைசியில் ரொட்டி சுடப்படுவதற்குப் பதிலாக உலர்த்தப்படுகிறது. நன்றாகக் காய்ந்த கல்லில் முதல் பக்கம் ஒரு நிமிடம் அல்லது ஒன்றேகால் நிமிடம், மறுபக்கம் முக்கால் நிமிடம், அவ்வளவில் வேலை முடிந்துவிட வேண்டும். சூட்டை அளக்கக் கருவி தேவையில்லை. விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கல்லின் மேல் தெறிக்கவிட்டுப் பார்த்தால் போதும். சொட்டு அதே இடத்தில் பரவி மெல்லக் கொதித்து மறைந்தால் கல் இன்னும் காயவில்லை. சுரீர் என்ற சத்தத்தோடு ஒரு நொடியில் மறைந்தால் நெருங்கிவிட்டது. சொட்டு உடைந்து மணிகளாகத் திரண்டு, கல்லைத் தொடாததுபோல் அங்குமிங்கும் ஓடினால் கல் 200 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. சொட்டுக்கும் கல்லுக்கும் இடையில் ஆவியே ஒரு மெத்தையாக நின்று அதைத் தூக்கிப்பிடிக்கிறது. ஜெர்மன் மருத்துவர் யோஹான் லைடன்ஃப்ராஸ்ட் 1756-இல் இதை விரிவாக எழுதிவைத்ததால் அவர் பெயரிலேயே இவ்விளைவு வழங்குகிறது. மணிகள் ஓடத் தொடங்கியதும் தீயை ஒரு படி குறைத்துவிட்டு முதல் ரொட்டியை இடலாம்.

இந்தச் சூட்டுக்குக் கனமான இரும்புக் கல்தான் ஏற்றது. அது சூட்டைச் சேர்த்துவைத்துக்கொள்வதால், குளிர்ந்த ஈரமான மாவு மேலே விழும்போதும் சட்டென்று ஆறிவிடுவதில்லை. ஒட்டாத பூச்சுப் பூசிய பாத்திரத்தை வெறுமையாக அதிகத் தீயில் காயவைப்பது ஆபத்து. அந்தப் பூச்சை 260 டிகிரிக்கு மேல் சூடேற்றக் கூடாது, வெறும் பாத்திரம் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் மிதமான தீயில் மூன்று நிமிடம் காயவைத்து, ரொட்டியை இட்ட பிறகு தீயைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கல்லில் எண்ணெய் விட வேண்டாம், மாவிலேயே இருக்கிறது.

ரொட்டியை இட்ட பிறகு வரும் அந்த ஒரு நிமிடத்தைக் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்துப் பதினைந்து நொடிகளில் ஓரத்திலிருந்து நிறம் மாறத் தொடங்குகிறது. பச்சை மாவின் ஈரப் பளபளப்பு மங்கி, மேற்பரப்பு சற்றே வெளிறிப்போகிறது. அடுத்து மிளகளவில் குமிழிகள் ஓரத்தில் எழுகின்றன, பிறகு நடுவில் பட்டாணி அளவுக்கு, பிறகு இரண்டு மூன்று குமிழிகள் ஒன்றாகச் சேர்ந்து மேல்தோலைத் தூக்குகின்றன. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் காப்பிக்கொட்டை நிறத்தில் பொட்டுகள், அவற்றுக்கு நடுவே இன்னும் வெளுப்பாக மாவு. மேற்பரப்பு முழுவதும் பளபளப்பை இழந்து, ஆனால் தொட்டால் இன்னும் தளதளவென்று இருக்கும் அந்த நேரம்தான் திருப்பிப் போடுவதற்கு உரியது. இன்னும் அரை நிமிடம் விட்டால் மேல்பக்கமும் காய்ந்து தடித்துவிடும், பிறகு அது விரிந்துகொடுக்காது.

திருப்பியதும் உள்ளே நடப்பது ஆவியின் வேலை. தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. ஒரு துளித் தண்ணீர் ஒரு பெரிய குமிழியை எழுப்பப் போதும். கீழும் மேலும் இரண்டு மெல்லிய தோல்கள் அமைந்துவிட்ட நிலையில், நடுவில் இருக்கும் ஈரமான மாவிலிருந்து எழும் ஆவிக்கு வெளியேற வழியில்லை. அது தோல்களைப் பிரித்துக்கொண்டு விரிகிறது, பேக்கிங் பவுடர் விதைத்த குமிழிகள் ஒவ்வொன்றும் அந்த ஆவிக்கு ஓர் அறையாகின்றன. ஒரு பக்கம் மட்டும் உப்பி மறுபக்கம் தட்டையாக நின்றால், மடித்த பருத்தித் துணியால் உப்பிய பக்கத்தை மெல்லத் தொட்டால் ஆவி மறுபக்கம் நகரும். தோசைத் திருப்பியால் அழுத்தித் தேய்ப்பதை நான் ஒப்புவதில்லை. தோல் எங்கேனும் கிழிந்தால் ஆவி அந்த வழியாகவே போய்விடும், அதோடு நாம் சேர்த்துவைத்த ஈரமும் போகும். எல்லா ரொட்டியும் முழுதாக உப்ப வேண்டும் என்பதும் இல்லை. இந்த அளவுக்குத் தண்ணீர் உள்ள மாவு உப்பாவிட்டாலும் அடுக்கடுக்காகக் குமிழி விட்டு மெத்தென்றே இருக்கும். 5 மில்லிமீட்டருக்குக் கனமாகத் தேய்த்தவர்கள், திருப்பிய பிறகு ஒரு மூடியைப் போட்டு ஒரு நிமிடம் வைத்தால் உள்ளே பச்சை வாடை இல்லாமல் வேகும்.

கல்லிலிருந்து எடுத்த ரொட்டியைத் துணியில் சுற்றாமல் தட்டில் விரித்துவைத்தால் இவ்வளவு பாடும் வீணாகும். எடுத்த நொடியில் தோல் உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கிறது. துணிக்குள் அடுக்கிவைத்தால் உள்ளிருக்கும் ஈரம் மெல்ல வெளித்தோலுக்குப் பரவி, ஐந்து நிமிடத்தில் ரொட்டி முழுவதும் ஒரே பதமாகிறது. பருத்தித் துணியே வேண்டும், அது கூடுதல் ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். சுடச்சுட டப்பாவில் போட்டு மூடினால் மூடியில் படியும் நீர் சொட்டி மேல் ரொட்டி நசநசவென்று ஆகிவிடும். துணியில் சுற்றி, அந்தத் துணியோடு டப்பாவில் வைத்து, மூடியைச் சற்றுத் திறந்து விடுவது சரியான வழி. வெண்ணெயோ நெய்யோ தடவ விரும்பினால் சூட்டோடு தடவ வேண்டும். தோலின் மேல் படரும் கொழுப்பு, ஈரம் வெளியேறுவதையும் மட்டுப்படுத்தும்.

மறுநாள் ரொட்டி விறைப்பதற்குக் காரணம் காய்ந்துபோவது மட்டும்தான் என்று பொதுவாக நினைக்கிறோம். பிரெஞ்சு வேதியியலாளர் ழான் பாப்டிஸ்ட் பூசாங்கோ 1852-லேயே, ஈரம் சிறிதும் வெளியேறாதபடி அடைத்துவைத்த ரொட்டியும் பழசாகி விறைக்கிறது என்று செய்துகாட்டினார். அதைச் சூடாக்கினால் மீண்டும் மென்மையாகிறது என்பதையும் காட்டினார். சூட்டில் வீங்கித் தண்ணீரைப் பிடித்துக்கொண்ட மாவுச்சத்து, ஆறஆற மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகிறது. அதில் அமைலோஸ் என்ற பகுதி சில மணி நேரத்திலும், அமைலோபெக்டின் என்ற பகுதி அடுத்துவரும் நாட்களிலும் இப்படி இறுகுகின்றன. தண்ணீர் ரொட்டிக்குள்ளேதான் இருக்கிறது, நாக்குக்குக் கிடைக்காத இடத்துக்குப் போய்விட்டது. இந்த இறுக்கம் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது, அதாவது குளிர்பதனப் பெட்டியின் சாதாரண அறையில். எனவே அன்றே தின்னும் ரொட்டியை வெளியிலேயே துணியில் வைப்பதும், மிஞ்சுவதை அன்றைக்கே உறைவிப்பானில் வைப்பதும் நல்லது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அறை ரொட்டிக்கு ஆகாத இடம்.

உறைவிப்பானில் வைப்பதற்கு முன் ரொட்டிகள் முழுதாக ஆறியிருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நடுவில் ஒரு தாளை இட்டு, காற்றை வெளியேற்றிய பையில் கட்ட வேண்டும். எடுக்கும்போது வெளியில் வைத்து உருகக் காத்திருக்கத் தேவையில்லை. கல் மிதமாகக் காய்ந்ததும் உறைந்த ரொட்டியை அப்படியே இட்டு, கையை நனைத்து மேலே ஒரு முறை தடவி, மூடி போட்டுவிடலாம். அடைபட்ட ஆவியில் ரொட்டியின் உட்பகுதி 60, 70 டிகிரியை எட்டும்போது இறுகிய மாவுச்சத்து மீண்டும் தளர்கிறது. ஒரு பக்கம் முக்கால் நிமிடம், திருப்பி மறுபக்கம் அரை நிமிடம் போதும். அதற்கு மேல் கல்லில் வைத்தால், மீட்டெடுத்த ஈரம் மறுபடி ஆவியாகத் தொடங்கிவிடும்.